பூவாகிப் போன பெயர்

கம்பளம் என்றால் எனக்கு இன்றைக்கும் எரிச்சல் வரும். யார் வீட்டுக்காவது போய், அங்கே வரவேற்பறையில் சிவப்பும் நீலமுமாக ஒன்று விரித்துக் கிடந்தால், வீட்டுக்காரர் தேநீர் போட உள்ளே போகும் நேரம் பார்த்துக் குனிந்து அதன் மூலையைப் புரட்டிப் பார்ப்பேன். பின்பக்கம் ரப்பர் பூசியிருக்கிறதா, முடிச்சு தெரிகிறதா, லேபிளில் என்ன எழுதியிருக்கிறது என்று தெரியாமல் என்னால் நிம்மதியாக உட்கார முடியாது. என் மகளுக்கு இதில் மானமே போய்விடும். "மம், ப்ளீஸ்" என்று பல்லைக் கடிப்பாள். கடிக்கட்டும்.

இந்தப் பழக்கம் நியூசிலாந்தில், ஆக்லாந்தின் ஈஸ்ட் டாமாக்கிப் பகுதியில் தொற்றியது. தொண்ணூறுகளின் நடுப்பகுதியில் அங்கே கம்பளம் இறக்குமதி செய்யும் ஒரு கம்பனியின் கிடங்கில் வேலை செய்தேன். யாழ்ப்பாணத்தில் பிள்ளைகளுக்குக் கணக்குப் படிப்பித்தவளை ஆக்லாந்தில் லேபிள் தைக்கும் மெஷினுக்கு முன்னால் உட்கார்த்தினார்கள். கன்டெய்னரில் வந்திறங்கும் கம்பளங்களின் பின்மூலையில், அது எந்த வகை, எப்படிக் கழுவ வேண்டும் என்று சொல்லும் துண்டுத் துணியைத் தைத்துவிட வேண்டும். மூளைக்கு வேலையில்லை. அப்போது அது எனக்கு வசதியாகத்தான் இருந்தது.

பக்கத்து மேசையில் இருந்தவர் பெய்ரூத்தில் பிறந்த ஆர்மேனியர். அறுபதைத் தாண்டியவர். லெபனான் சண்டையில் கணவரை இழந்து, மகளோடு இங்கே வந்து சேர்ந்திருந்தார். ஓரம் பிரிந்த, நூல் விட்டுப்போன கம்பளங்களைத் தைத்துச் சரிசெய்வது அவர் வேலை. நான் அவரை அன்ரி என்று கூப்பிட்டேன். அவர் என்னை 'ஹோகிஸ்' என்பார். 'என் உயிரே' என்று அர்த்தமாம். என் வீட்டுக்காரர்கூட என்னை அப்படிக் கூப்பிட்டதில்லை. அவருடைய ஆங்கிலமும் என்னுடைய ஆங்கிலமும் ஒன்றையொன்று பிடித்துக்கொண்டு நொண்டும். இருந்தாலும் அவர் சொன்னதெல்லாம் எனக்கு என் ஊர்த் தமிழிலேயே காதில் விழுந்தது. அப்படித்தான் எழுதவும் வருகிறது.

எங்களைச் சேர்த்துவைத்தது ஒரே மாதிரியான எரிச்சல். அவரை எல்லோரும் அரபுக்காரி என்றார்கள். என்னை இந்தியாக்காரி என்றார்கள். இல்லை என்று சொன்னால், "ஓ, அதே பக்கம்தானே?" என்பார்கள். ஒருநாள் ஸ்மோகோ நேரத்தில், இங்கே காலைத் தேநீர் இடைவேளைக்கு அதுதான் பெயர், பத்திரிகையில் துறைமுகப் படம் ஒன்றைப் பார்த்துக்கொண்டிருந்தோம். "இந்த கெட்டமரான் எண்ட சொல்லு எங்கட பாஷை. கட்டுமரம்" என்றேன். அன்ரி கண்ணாடியைக் கழற்றிவிட்டுச் சிரித்தார்.

"கார்ப்பெட் எண்ட சொல்லு எங்கட பாஷை எண்டு எங்கட ஆக்கள் சொல்லுவினம். நீ போய் ஒரு படகைக் கேள், நான் இந்தக் கிடங்கைக் கேக்கிறன். யாருக்கு முதல் கிடைக்குது பாப்பம்."

அந்த வருஷக் கடைசியில் கிறிஸ்மஸ் சாப்பாட்டுக்கு, ஆளுக்கொரு பொருள் அவரவர் நாட்டிலிருந்து கொண்டுவரச் சொன்னார் முதலாளி. நான் வடை கொண்டுபோனேன். அலுவலகத்தில் கொள்முதல் பார்க்கும் மலேசியத் தமிழ் அக்கா நாசி லெமாக் என்ற தேங்காய்ப்பால் சோறு கொண்டுவந்தார். அன்ரி மகளின் காரில் ஒரு கம்பளத்தைக் கொண்டுவந்து மேசையில் விரித்தார்.

அவருடைய அம்மா நெய்தது. அந்த அம்மா ஓர் அநாதை. துருக்கியில் ஆர்மேனியர்களைக் கொன்றும் விரட்டியும் தீர்த்த காலத்தில், நடை பழகிய வயதில் யாரோ தூக்கிக்கொண்டு வந்து லெபனானில் ஓர் அநாதை இல்லத்தில் விட்டிருக்கிறார்கள். ஊர் தெரியாது, தாய் தகப்பன் தெரியாது, குடும்பப் பெயர் தெரியாது. கூப்பிட்டால் திரும்பிப் பார்க்கிற ஒரு பெயர் மட்டும் அவளிடம் இருந்தது. இல்லத்தில் சிறுமிகளுக்குக் கம்பளம் நெய்யப் பழக்கினார்கள். நெய்ததெல்லாம் கப்பலேறி எங்கெங்கோ போயின. கல்யாணம் நிச்சயமானபோது தனக்கென்று ஒன்று நெய்தாள். இருண்ட சிவப்பு நிலம், நடுவில் கூர்கூரான பெரிய சூரியன் மாதிரி ஓர் உரு. ஒரு மூலையில், ஓரக்கட்டுக்குள், ஆர்மேனிய எழுத்தில் இரண்டே சொல். அவள் பெயரும், 'நெய்தாள்' என்பதும்.

"அம்மாவைப் புதைச்ச இடத்தில இப்ப கல்லும் இல்லை. சண்டையில எல்லாம் சிதறிப் போச்சு. அவவின்ர பேர் இந்த மூலையில மட்டும்தான் இருக்கு" என்று எனக்குச் சொன்னார். அந்த எழுத்துகளை நான் தொட்டுப் பார்த்தேன். கொக்கிகளும் வளைவுகளுமாக இருந்தன. எனக்கு ஒன்றும் விளங்கவில்லை, ஆனால் எழுத்து என்று பார்த்தவுடன் தெரிந்தது.

முதலாளி வடையைக் கையில் வைத்துக்கொண்டே கம்பளத்தைச் சுற்றிச் சுற்றி வந்தார். மனைவிக்குக் காட்ட வேண்டும், வார இறுதிக்கு வீட்டுக்குக் கொண்டுபோகலாமா என்று கேட்டார். அன்ரிக்குப் பெருமை தாங்கவில்லை. தானே சுருட்டி, நாடா கட்டி, அவர் காரில் வைத்துவிட்டு வந்தார். சொன்னபடி திங்கட்கிழமை அது திரும்பி வந்தது. நாங்கள் அதை மறந்தும் போனோம்.

அடுத்த குளிர்காலத்தில் ஒரு கன்டெய்னர் வந்தது. முதல் சுருளை விரித்ததும் என் கை அப்படியே நின்றுவிட்டது. அதே இருண்ட சிவப்பு, அதே சூரியன். ஆனால் தொட்டால் பிளாஸ்டிக் கயிறு மாதிரி இருந்தது, மெஷினில் நெய்தது. மூலையில் அந்த இரண்டு சொல்லும் இருந்தன. ஒரு மூலையில் மட்டுமல்ல. முதலாளி அந்த வார இறுதியில் படம் எடுத்து அனுப்பியிருக்க வேண்டும்; தொழிற்சாலைக்காரன் அந்த மூலையைப் பூவேலை என்று நினைத்து, கண்ணாடியில் பார்த்தது மாதிரித் திருப்பித் திருப்பி நாலு மூலைக்கும் போட்டிருந்தான். ஒன்று நேராக, ஒன்று இடம்வலம் மாறி, மற்ற இரண்டும் தலைகீழாக. நான் தைக்க வேண்டிய லேபிள்களில் 'துருக்கிப் பாணி' என்று அச்சடித்திருந்தது.

அன்ரி வந்து பார்த்தார். நான் அவர் கத்துவார் என்று எதிர்பார்த்தேன். நானாக இருந்தால் கிடங்கையே இரண்டாக்கியிருப்பேன். அவர் முழங்காலில் உட்கார்ந்து நேராக இருந்த பெயரை விரலால் தடவினார். அவர் முகத்தில் வந்தது சந்தோஷம். சத்தியமாகச் சந்தோஷம்தான்.

"எத்தினை வீட்டுக்குப் போகப்போறா அம்மா!" என்றார். பிறகு லேபிளை எடுத்து வாசித்தார். அதைக் கீழே வைக்கச் சற்று நேரம் எடுத்தது. "துருக்கியரும் நல்லாய் நெய்வினம். அது அவையின்ர. இது அம்மாவின்ர. இதில ஆர்மேனியா எண்டு ஒரு சொல் போட்டால் காணும், ஹோகிஸ். வேற ஒண்டும் நான் கேக்கேல்லை."

அன்று மத்தியானமே முதலாளியிடம் போய்க் கேட்டார். அந்த மனிதர் கெட்டவர் அல்ல. அதுதான் எனக்கு இன்றைக்கும் ஆத்திரம். கெட்டவராக இருந்திருந்தால் திட்டிவிட்டாவது ஆறியிருப்பேன். நாற்காலி இழுத்துப் போட்டு அன்ரியை உட்கார வைத்து, பொறுமையாக விளக்கினாராம். துருக்கிக் கம்பளம் என்றால் வாடிக்கையாளருக்குத் தெரியும், பாரசீகம் என்றால் தெரியும், ஆர்மேனியா என்றால் எந்தக் கடைக்காரனும் அது என்ன என்று கேட்பான். சொல்லி விளங்கவைக்க விற்பனையாளருக்கு நேரம் இல்லை. "ஒருத்தருக்கும் தெரியாது எண்டுதானே எழுதச் சொல்லுறன்" என்று அன்ரி சொன்னதற்கு, அவர் அன்பாகச் சிரித்தாராம்.

எனக்கு மண்டை கொதித்தது. மலேசிய அக்காவிடம் போனேன். அவர் கோலாலம்பூரில் பெரிய கம்பனியில் வேலை பார்த்துவிட்டு வந்தவர். சேலையோ கோட்டோ எதைப் போட்டாலும் ஒரு தோரணை இருக்கும். முதலாளியோடு தட்டிப் பேசத் தெரிந்த ஒரே ஆள். எல்லாவற்றையும் கேட்டுவிட்டுப் பேனாவால் மேசையில் தட்டிக்கொண்டிருந்தார்.

"லேபிள மாத்துன்னு கேட்டா வியாபாரம்பார். நடக்காது லா. போன வருஷம் டீ டவல் கத தெரியுமா உங்களுக்கு?"

எனக்குத் தெரிந்த கதைதான். கம்பனி ஒரு மாவோரி முகச் செதுக்கலைத் துடைப்புத் துணியில் அச்சடித்துக் கொண்டுவந்தது. கிடங்கில் வேலை செய்த மாவோரி ஆட்கள், தலை எங்களுக்குப் புனிதம், அதில் கோப்பை துடைப்பீர்களா என்று கேட்டார்கள். முதலாளி வெலவெலத்துப் போய் முழு இருப்பையும் திருப்பி எடுத்தார்.

"அப்ப இதுலயும் அதான் லைன்" என்றார் அக்கா. "எழுத்து புனிதம். கார்ப்பெட்ல போட்டு மிதிக்க வைக்கலாமா? அவருக்கு மதம், கல்ச்சர்னு சொன்னா பயம். பயந்தா கேப்பாரு. கேக்கும்போது லேபிளையும் சேத்து சொல்லிடலாம்."

எனக்கு அது பொன்னான யோசனையாகத் தோன்றியது. தோன்றாமல் என்ன செய்யும்? தெருவில் கிடக்கிற பழைய பேப்பரில் தெரியாமல் கால் பட்டுவிட்டால் குனிந்து தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொள்கிற சாதி நாங்கள். புத்தகத்தைத் தாண்டினால் அடி விழும். எழுத்து என்றால் சரஸ்வதி. கிறிஸ்தவரான மலேசிய அக்காவுக்கும் அதே கைதான்; தரையில் விழுந்த பில்லைக்கூட எடுத்துக் கண்ணில் ஒற்றுவார். அந்த நாலு மூலைப் பெயரையும் யாரோ செருப்போடு மிதிப்பார்கள் என்று நினைத்தே எனக்கு உடம்பு கூசிக்கொண்டிருந்தது. அன்ரிக்கும் அப்படித்தான் இருக்கும் என்று நாங்கள் இருவரும் நினைத்தோம். அதை அவரிடம் கேட்க வேண்டும் என்றே தோன்றவில்லை. உப்பு கரிக்குமா என்று யாரிடம் கேட்பது?

அக்கா போய்ப் பேசினார். திரும்பி வந்தபோது முகமெல்லாம் வெளிச்சம். "மூஞ்சி வெளுத்துப் போச்சு அவருக்கு. ரொம்ப சாரி கேட்டாரு. அடுத்த கன்டெய்னர்ல எல்லாம் சரியா வரும்னு சொல்லிட்டாரு." லேபிள் பற்றியும் சொன்னீர்களா என்று கேட்டேன். "சொன்னேன், சொன்னேன். எல்லாம் சரி பண்றேன்னாரு."

அன்ரியிடம் சொன்னோம். 'எல்லாம் சரியாக வரும்' என்றுதான் சொன்னோம். அவர் என் இரண்டு கன்னத்தையும் பிடித்து முத்தமிட்டார். மறுநாள் எங்களுக்காக வால்நட் வைத்த பலகாரம் செய்து கொண்டுவந்தார். அந்தச் சில மாதங்கள் அவர் பாட்டு முணுமுணுத்துக்கொண்டே தைத்தார். நான் கழுதை மாதிரி அதைக் கேட்டுச் சந்தோஷப்பட்டுக்கொண்டிருந்தேன்.

புதிய கன்டெய்னர் வசந்த காலத்தில் வந்தது. அக்கா அலுவலகத்திலிருந்து இறங்கி வந்தார். முதலாளியும் வந்தார். ஃபோர்க்லிஃப்ட் சுருளைக் கொண்டுவந்து வைத்தது. அன்ரிதான் நாடாவை வெட்டி விரித்தார்.

எழுத்து இல்லை. நாலு மூலையிலும், பெயர் இருந்த இடத்தில், வெள்ளைப் பூக்கள் வரிசையாக இருந்தன. அழகான பூக்கள்தான். லேபிள்களில் அதே 'துருக்கிப் பாணி'.

"இனி யாருடைய எழுத்தையும் யாரும் மிதிக்க மாட்டார்கள்" என்றார் முதலாளி. அவர் குரல் தழுதழுத்தது. நல்லது செய்துவிட்ட மனிதனின் குரல். "உங்களை வருத்தியதற்கு மன்னித்துக்கொள்ளுங்கள்" என்று அன்ரியின் கையைப் பிடித்துக் குலுக்கினார். மலேசிய அக்காவின் முகத்தை நான் பார்க்கவில்லை. பார்க்கத் தைரியம் வரவில்லை. அன்ரி கையைக் கொடுத்தார். நன்றி என்றார். அதற்குப் பிறகு தன் மேசைக்குப் போய், பாதியில் வைத்திருந்த ஓர் ஓரத்தைத் தைக்க ஆரம்பித்தார்.

அந்த ஞாயிற்றுக்கிழமை பகுரங்காவில் அன்ரியும் மகளும் இருந்த சிறு யூனிட் வீட்டுக்குப் போனேன். அதற்கு முன்னால் நான் உள்ளே போனதில்லை. கதவைத் திறந்தால், அம்மா நெய்த கம்பளம் நடு வீட்டில் தரையில் கிடக்கிறது! அன்ரியின் பேத்தி அதன்மேல் குப்புறப் படுத்து பிஸ்கட் தின்றுகொண்டு டிவி பார்க்கிறது. அன்ரி வெறுங்காலோடு அதன்மேல் நடந்துவந்து என்னைக் கட்டிப்பிடித்தார். நான் செருப்பைக் கழற்றிவிட்டு, சுவரோடு ஒட்டிக்கொண்டு, அந்த மூலையைச் சுற்றிப் போய் நாற்காலியில் உட்கார்ந்தேன்.

"ஏன் பூனை மாதிரி சுத்திப் போறாய்?" என்று கேட்டார்.

"எழுத்து இருக்கே. கால் படக் கூடாது."

அவர் விளங்காமல் என்னைப் பார்த்தார். நான் சொன்னேன். பேப்பர், கண்ணில் ஒற்றுவது, சரஸ்வதி எல்லாம் சொன்னேன். அக்கா முதலாளியிடம் சொன்ன வார்த்தைகளையும் சொன்னேன். அதுவரை அவருக்கு அது தெரியாது. பூ எங்கிருந்து முளைத்தது என்று அப்போதுதான் அவருக்கு விளங்கியது.

"காலிலை என்ன குறை?" என்றார் மெதுவாக. "கம்பளம் நடக்கத்தானே. அம்மா இல்லத்தில நெய்ததெல்லாம் ஆரின்ரையோ மாளிகைக்குப் போச்சு. ஒண்டிலும் அவவின்ர பேர் இல்லை. அதாலதான் இதில போட்டவ. நடக்கிற ஆள் குனிஞ்சு பாக்கும், ஆர் இது எண்டு கேக்கும் எண்டு சொல்லுவா. தலைகீழாய்ப் போட்டிருந்தாலும் பரவாயில்லை, ஹோகிஸ். ஆரோ ஒருத்தர், ஒருநாள், இது எழுத்து எண்டு கண்டுபிடிச்சிருப்பினம்."

அவர் அழுதார். பிள்ளை டிவியிலிருந்து திரும்பிப் பார்த்து, "வாட் ஹேப்பண்ட்?" என்று கேட்டது. நான் எழுந்து போய் அந்த எழுத்துகளின் மேல் கால் வைத்து நின்றேன். ஏன் அப்படிச் செய்தேன் என்று தெரியவில்லை. ஒன்றும் மாறவில்லை.

மலேசிய அக்கா, அவர் நல்லவர், மறுபடியும் முதலாளியிடம் போனார். எழுத்தைத் திரும்பப் போடச் சொன்னார். "முதலில் எடுக்கச் சொன்னீர்கள், இப்போது போடச் சொல்கிறீர்கள். உங்களுக்குள் முதலில் ஒரு முடிவுக்கு வாருங்கள்" என்றாராம் அவர். நியாயமான பேச்சு. அந்த நியாயத்தைத் தூக்கி அடுப்பில் போட வேண்டும் போல எனக்கு இருந்தது. பூப்போட்ட கம்பளம் நன்றாக விற்றது. மனுகாவில், ஹோவிக்கில், கடை வாசல்களில் சுருட்டிச் சுருட்டி நிறுத்தி வைத்திருப்பார்கள். பாட்டனி டவுன்ஸ் பக்கம் புதுவீடு கட்டிக் குடிவந்தவர்கள் எல்லாம் வாங்கினார்கள். எங்கள் ஆட்கள் பலரின் வீட்டிலும் அது கிடந்தது. நான் போகிற இடமெல்லாம் அதன்மேல் கால் வைத்துத்தான் தேநீர் குடித்தேன்.

அடுத்த ஆண்டு, பகுரங்காவில் ஒரு மண்டபத்தில் கைவேலைக் கண்காட்சி ஒன்று வைத்தார்கள். பெண்கள் சங்கம் ஒன்று நடத்தியது. பின்னல், தையல், போர்வை என்று யாரும் தங்கள் வீட்டிலிருந்து கொண்டுவந்து காட்டலாம். வற்புறுத்தி அன்ரியை நான்தான் கூட்டிக்கொண்டு போனேன். கம்பளத்தின் அருகில் ஓர் அட்டை வைக்கலாம், அதில் நாங்கள் விரும்பியதை எழுதலாம். அவர் தன் கையால் 'ஆர்மேனியா' என்று எழுதினார். கீழே அம்மாவின் பெயர். அந்த ஒரு நாளாவது அந்தப் பெயரை நாலு பேர் வாசிக்கட்டும் என்று நினைத்தேன்.

பலர் வந்தார்கள், பார்த்தார்கள், அழகு என்றார்கள், அடுத்த மேசைக்குப் போனார்கள். மத்தியானத்துக்குப் பிறகு கண்ணியமான ஒரு வெள்ளைக்கார அம்மா வந்து நின்றார். அன்ரியின் வயதுதான் இருக்கும். கம்பளத்தைக் கண்டதும் முகம் மலர்ந்தது.

"இதே கம்பளம் என் வீட்டிலும் இருக்கிறது! துருக்கிக் கம்பளம்" என்றார். பிறகு குனிந்து மூலையைப் பார்த்தார். விரலால் தொட்டார். அன்ரி மூச்சை உள்ளே இழுத்ததை நான் கேட்டேன்.

"ஐயோ, பாவம். என்னுடையதில் இந்த இடத்தில் பூ இருக்கும். இங்கே கிழிந்து போயிருக்கிறது, யாரோ தைத்திருக்கிறார்கள்." நிமிர்ந்து, அன்ரியின் மனம் நோகக் கூடாது என்று அவசரமாகச் சொன்னார். "தெரியவே இல்லை, உண்மையாக. நீங்கள் தைத்ததா?"

"இல்லை. என்ர அம்மா" என்றார் அன்ரி.

"ஓ, அம்மா தைத்தாரா? பாவம், எவ்வளவு கஷ்டப்பட்டிருப்பார்."

நான் வாயைத் திறந்தேன். அன்ரி மேசைக்குக் கீழே என் மணிக்கட்டைப் பிடித்து அழுத்தினார். அந்தப் பிடியில் பலமே இல்லை.

"ஓம்" என்றார் அந்த அம்மாவைப் பார்த்து. "அம்மாதான் தைச்சவ."